‘உட்கார்ந்து வருவதற்கு என்ன வலி?’ – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் ரப்பர் பால்மரம் சீவியவள் நான். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பட்டணத்தில் மகனோடு இருக்கிறேன். வயது 58. இடுப்புக்கு மேலே முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். வலது பக்கம் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுளீரென்று இழுக்கிறது. பாதம் மரத்துப்போகிறது. இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. இரண்டு ஆண்டுகளாக எந்த நல்லது கெட்டதுக்கும் வெளியூர் போகவில்லை. அடுத்த மாதம் கிள்ளானில் தம்பி மகள் கல்யாணம். “காரில் உட்கார்ந்து வருவதற்கு என்ன வலி, அத்தை?” என்று பெண் கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? எப்படிப் போய்வருவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சுங்கை சிப்புட், மலேசியா

*

அன்புச் சகோதரிக்கு,

டாக்டர் தடுக்கவில்லை என்றால் அவசியம் போய்வாருங்கள். தட்டு பிதுங்கிய முதுகோடு ஒன்பது ஆண்டுகளாக இதே ஊரிலிருந்து பயணம் போய்வந்துகொண்டிருப்பவன் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மருமகளின் கேள்வி. அந்தப் பெண் குத்திக்காட்டவில்லை, அவளுக்குத் தெரியவில்லை. உட்காருவது ஓய்வு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் நேராக நிற்கும்போது இருப்பதைவிடக் கூன்போட்டு உட்காரும்போது கீழ்முதுகுத் தட்டுகளின் மேல் அழுத்தம் கூடுகிறது. தட்டின் உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கம் தள்ளுகிறது. காலுக்குப் போகும் நரம்பின் வேரும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேல் வண்டியின் அதிர்வு. மூன்று மணி நேரம் அப்படியே இருந்தால் வலி ஏறத்தான் செய்யும். “உட்காருவதுதான் எனக்குச் சுமை, கண்ணு” என்று அவளிடம் சொல்லுங்கள். புரிந்துகொள்வாள்.

சொல்லுங்கள் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவும் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. தாழ்ந்த வெட்டு உள்ள மரங்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து சீவி, பிறகு தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டுப் பால் கொட்டாய்க்குச் சுமப்பார். வீட்டுக்கு வந்ததும் உட்கார மாட்டார். லயத்து வீட்டின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கிப் போட்டுக்கொள்வார். பத்து நிமிடம் கண்ணை மூடியிருப்பார். என்னம்மா என்று கேட்டால், “தரை குளிர்ச்சியாக இருக்கிறது” என்பார். முதுகு வலிக்கிறது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஈப்போவில் ஒரு இயன்முறை மருத்துவர் என்னைத் தரையில் படுக்கவைத்து, கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா தானாகவே கண்டுபிடித்த அதே வைத்தியம்.

வலியைச் சொன்னால் பேர் போய்விடும் என்று பயந்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போகிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு வேனில் பினாங்குக்குப் போனேன். பின்னிருக்கையில் நடுவில் என் இடம். கோலகங்சார் தாண்டியதுமே கால் எரியத் தொடங்கிவிட்டது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நிறுத்தச் சொல்லக் கூச்சம். பட்டர்வொர்த்தில் கதவு திறந்தபோது என்னால் காலைத் தூக்கி வெளியே வைக்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அடுத்த இரண்டு வாரம் படுக்கை. ஓர் ஐந்து நிமிடம் நிறுத்தியிருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்திருக்காது.

இனிப் பயணம். ரயில்தான் உங்களுக்கு நல்லது. நம் ஊர் நிலையத்திலேயே இடிஎஸ் மின்ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் என்ற புறநகர் ரயில். எல்லா இடிஎஸ் வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்காது என்பதால் மகனை முன்கூட்டியே நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ரயிலின் பெரிய வசதி, நினைத்தபோது எழுந்து நடக்கலாம். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது நடைபாதை ஓர இருக்கையைக் கேளுங்கள். ஜன்னல் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்துவிடுவீர்கள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் இருக்கை அகலமானதுதான். ஆனால் 2025 ஜூலை முதல் இடுப்புப் பட்டை போடாவிட்டால் அபராதம். பாதுகாப்புக்கு அது மிகச் சரி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழவேண்டிய முதுகுக்கு அந்தப் பயணம் ஒத்துவராது.

காரில்தான் போகவேண்டும் என்றால் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். சிம்பாங் பூலாய், தாப்பா, ஊலு பெர்ணாம் மூன்று ஓய்வுத்தளங்களிலும் நிறுத்தவேண்டும். வலித்தால் நிறுத்தலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வலி வரும் முன்பே நிறுத்துவதுதான் முறை. நரம்பு வலி ஒருமுறை ஏறிவிட்டால் இறங்க வெகுநேரம் பிடிக்கும். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும். வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று நம் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதுவும் இனிப்பு நீர் உள்ளவர். குந்தி உட்கார முடியவில்லை என்றால், பிடிமானக் கம்பியும் உட்காரும் வசதியும் உள்ள மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். அது உங்களுக்கும்தான்.

ஏறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இருக்கையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிடுங்கள். கதவுக்கு முதுகு காட்டி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்தபடி உடம்போடு திரும்புங்கள். பை வழுக்கிக் கொடுக்கும்; இடுப்பு முறுகாது. திரும்பி முடித்ததும் பையை உருவிவிடவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் சறுக்கும்.

முதுகுக்குக் கடையில் விற்கும் தலையணை எதையும் வாங்கவேண்டாம். நம் எல்லார் வீட்டிலும் ‘குட் மார்னிங்’ என்று எழுதிய மெல்லிய வெள்ளைத் துண்டு இருக்கும். இரண்டை ஒன்றாக வைத்து இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். புடவைக் கட்டுக்குச் சற்று மேலே, முதுகு உள்வளையும் இடத்தில் அதை வையுங்கள். கூன்போட நினைத்தாலும் அது விடாது. வலி கூடினால் ஒரு துண்டைக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முதுகின் வளைவும் வேறு. பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும். உயரமான இருக்கையில் கால் தொங்கினால் கைப்பையைக் கீழே வைத்து மிதித்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர்ப் பையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதுகுக்கு இதமாக இருக்கும், துணி சுற்றி வையுங்கள். மரத்துப்போன பாதத்தில் வைக்கவே கூடாது. சுடுவது உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்தபின்தான் தெரியும், இனிப்பு நீர் இருந்தால் அந்தப் புண் எளிதில் ஆறாது.

மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. நரம்புக்கென்று பிரிகாபலின், காபாபென்டின் போன்றவை கொடுத்திருந்தால் தூக்கம் வருகிறது என்று பயண நாளில் நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தக்கூடாத மருந்துகள் அவை. “போகும் இடத்தில் வலிக்குமே” என்று யாராவது நீட்டும் வலி மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பதம்பார்க்கும். அடுத்த வாரம் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார மருந்தகம்) போய் இந்தப் பயணத்தைப் பற்றியே கேளுங்கள்.

தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, உங்களை அறியாமலே சிறுநீர் போய்விட்டாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ அது அவசரம். கல்யாணம், தாலி எதையும் பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனை. சில மணி நேரம் தாமதித்தால்கூட நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.

மண்டபத்தில் வரிசையின் ஓரத்து நாற்காலி உங்களுடையது. அத்தை முன்வரிசை நடுவில் உட்காரவில்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எழுந்து சுவரோரம் நின்று தாலி கட்டுவதைப் பாருங்கள். போய் இறங்கியதும் பெட்டியைக் குனிந்து தூக்காதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்த முதுகு அப்போது பாரம் தாங்காது. சிறிது நடந்தபின்கூட அதை மகன்தான் தூக்கவேண்டும்.

இன்றைக்கே தம்பிக்குப் போன் போடுங்கள். முதல் நாளே வந்துவிடுவேன், கல்யாணத்துக்கு மறுநாள்தான் திரும்புவேன், பாய் போதாது, கட்டில் வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் கேளுங்கள். சாயந்தரம் வரவேற்புக்குக் கிளம்பும் முன் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் ஒரு போர்வை விரித்து, கால்களை அந்த நாற்காலியின் மேல் போட்டுப் பத்து நிமிடம் படுத்திருங்கள். யாராவது கதவைத் தட்டி என்ன அத்தை என்று கேட்டால், முதுகு வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்.