வெறும் அறைக்கு ஏன் அத்தனை காவல்?

வணக்கம் ஐயா,

எருசலேம் ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் பிரதான ஆசாரியரின் காலில் கயிறு கட்டியிருப்பார்கள், உள்ளே செத்துவிழுந்தால் வெளியே இழுக்க, என்று சபையில் கேட்டே வளர்ந்தவன் நான். இயேசு காலத்து ஆலயத்தில் அந்த அறையில் பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியே கிடையாது என்று இப்போதுதான் தெரிந்தது. பெட்டி இல்லாத அறைக்கு எதற்கு அத்தனை கட்டுப்பாடு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். லேவியராகமத்தில் அது இல்லை. ஆசாரியர் வருடத்துக்கு ஒருமுறை அந்த அறைக்குள் போகும் பாவநிவாரண நாள் சடங்கை அடியடியாகச் சொல்லும் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. ஆலயம் இடிந்து ஆயிரம் வருடம் தாண்டியபின் வந்த சோகார் என்ற யூத மறைஞான நூலில்தான் தலைகாட்டுகிறது. ஆனால் பயம் இருந்தது நிஜம். ஆசாரியர் வெளியே வந்ததும் சின்னதாக ஒரு ஜெபம் மட்டும் செய்வார், நீட்டினால் ஜனங்கள் கலங்கிப்போவார்கள் என்கிறது மிஷ்னா.

பெட்டி இல்லை என்பது சரிதான். கி.மு. 586இல் பாபிலோனியர் சாலொமோனின் ஆலயத்தை எரித்தார்கள், திரும்பக் கட்டிய ஆலயத்தில் பெட்டி இல்லை. தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் ஒரு கல்தான் இருந்தது, அதன்மேல் தூபகலசத்தை வைப்பார்கள். கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே உள்ளே போய்ப் பார்த்ததையும், அங்கே தெய்வத்தின் உருவம் எதுவும் இல்லை, வெறும் இடம் என்பதையும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

பார்ப்பதற்கான இடம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பெட்டி இருந்த காலத்திலும் அது பார்க்கும் இடம் இல்லையே! ஆசாரியர் சாகாமல் இருக்க தூபப் புகை பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூட வேண்டும் என்பது லேவியராகமம் 16இன் கட்டளை. அதாவது உள்ளே போகிற ஒரே ஆளும் சரியாகப் பார்த்துவிடக் கூடாது. சாலொமோன் கட்டிய உள்ளறை நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம், கர்த்தர் காரிருளில் வாசமாயிருப்பார் என்றுதான் அவரே பிரதிஷ்டையின்போது சொல்கிறார். பிற்காலத்தில் பழுதுபார்க்கும் வேலையாட்களைக்கூட மேல்மாடித் திறப்புகள் வழியே பெட்டிகளில் வைத்து இறக்குவார்களாம், கண்ணை அங்கே இங்கே மேயவிடக் கூடாது என்று. (மிஷ்னாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.)

சரி, பார்க்கவும் கூடாது, பின்னே எதற்குத்தான் உள்ளே போவது? சுத்தம் செய்யத்தான். அதே லேவியராகமம் 16இன் 16ஆம் வசனத்தைப் படியுங்கள்: காளையின் இரத்தத்தையும் வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தையும் தெளிப்பது இஸ்ரவேலரின் தீட்டுகளினிமித்தம் பரிசுத்த ஸ்தலத்துக்காகச் செய்யும் பரிகாரம். ஜனங்கள் வெளியே செய்கிற அநியாயம் திரையைத் தாண்டி, யாருமே போகாத அந்த அறைவரை அழுக்காகப் போய்ப் படிகிறது. மில்க்ரோம் என்ற யூத அறிஞர் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார். எல்லாப் பாவநிவாரண பலிக்கும் அவர் அதையே பொருத்துவது கொஞ்சம் அதிகம் என்றாலும், இந்தச் சடங்குக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே பெட்டி இருந்தாலும் போனாலும் ஆசாரியரின் வேலை மாறவில்லை. அழுக்கு ஊரில் உண்டாவது, அது நிற்கவில்லையே.

அந்த அழுக்கைக் கழுவ வழியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 8 முதல் 11 வரை ஒரே மூச்சில் படியுங்கள். ஆலயம் எரியும் முன்பே, கர்த்தருடைய மகிமை சிறகுள்ள கேருபீன்களை விட்டு எழும்பி, வாசற்படிக்கு வந்து, கடைசியில் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற மலைக்குப் போய்விடுகிறது.