ஸ்கோப் இருக்கிறதா?

வணக்கம் ஐயா,

பிளஸ் டூ முடித்துவிட்டேன். பி.ஏ. வரலாறு படிக்க ஆசை. சித்தப்பா, "அதுக்கெல்லாம் ஸ்கோப் இல்ல" என்கிறார். அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். வாய்ப்பு, வரம்பு என்பவற்றோடு 'நோக்கம்' என்ற பழைய பொருளும் இருந்தது. இத்தனையும் எப்படி ஒரே சொல்லுக்கு வந்தன?

க.

அன்புள்ள க.,

உங்களைத் தடுக்க வந்த சொல்லையே அகராதியில் தேடிப் போயிருக்கிறீர்கள். வரலாறு படிக்க வேண்டிய ஆள்தான் நீங்கள்.

சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் 'ஸ்கோபோஸ்'. உயரத்தில் நின்று கண்காணிக்கும் காவல்காரனுக்கும் அந்தப் பெயர், வில்லாளி குறிவைக்கும் இலக்குக்கும் அதே பெயர். ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில் இரண்டையும் பார்க்கலாம். போருக்குப் போன அரசன் அகமெம்னான் எப்போது ஊர் திரும்புவான் என்று வேவு பார்க்க, அவனைக் கொல்லக் காத்திருந்த ஏகிஸ்தஸ் நிறுத்திவைத்த ஆள் ஒரு ஸ்கோபோஸ். வில்போட்டியில் 12 கோடரிகளின் ஊடே அம்பு விட்டு வென்ற காவிய நாயகன் ஒடிசியஸ், இதுவரை எவரும் அடிக்காத வேறொரு இலக்கை அடிக்கப்போகிறேன் என்று சொல்லி தன் மனைவியை மணக்க வந்து வீட்டில் தங்கியிருந்த அன்டினூஸின் தொண்டையில் அடுத்த அம்பைப் பாய்ச்சுகிறான். அந்த இலக்கும் ஸ்கோபோஸ்தான். எனக்கு எப்போது படித்தாலும் உடல் சிலிர்க்கும் இடம் அது.

இத்தாலிய மொழியில் இது 'ஸ்கோபோ' ஆனது. அங்கே இன்றும் நோக்கம் என்றே பொருள். ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் போனது. 1579இல் வெளிவந்த ஒரு கவிதையில் எட்மண்ட் ஸ்பென்சர், மனிதர்கள் வீணாக வியர்வை சிந்தி, அம்பை விலக எய்து, குறித்த 'ஸ்கோப்'பைத் தவறவிடுகிறார்கள் என்று வருந்துகிறார். நாளடைவில் ஆங்கிலத்தில் இலக்கு என்ற பொருள் தேய்ந்துபோய், பார்வை எட்டும் தூரமும் செயல்படக் கிடைக்கும் இடமும் நிலைத்தன. வரம்பு, வாய்ப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. டெலஸ்கோப்பும் மைக்ராஸ்கோப்பும் இதே குடும்பம்தான். பிஷப்பும் அப்படியே: 'எபிஸ்கோபோஸ்', மேற்பார்வை செய்பவர்.

சரி, நம் சொல்லைப் பாருங்கள். நோக்குவதிலிருந்து நோக்கம். கண் போகும் இடத்துக்கு மனமும் போகும் என்று தமிழும் தானாகவே கண்டுகொண்டிருக்கிறது. தமிழ் பைபிளில் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, "இலக்கை நோக்கித் தொடருகிறேன்" என்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த 'இலக்கு' இருக்கும் இடத்தில் நிற்பது ஸ்கோபோஸ்.

சித்தப்பா கேட்பது வேலை வாய்ப்பைப் பற்றி. உங்கள் மேல் அக்கறையோடு கேட்கிறார். வரலாறு படித்தவர்களிடம் விசாரித்துவிட்டு அவருக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். அப்புறம் இந்தச் சொல்லின் பழைய பொருளையும் அவரிடம் சொல்லுங்கள்.

வரலாற்றில் எந்தக் காலம், எந்த ஊர் உங்களை இழுக்கிறது என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.