கல்லின் ருசி எங்கிருந்து வருகிறது?

வணக்கம். பிரான்சின் ஷாப்லி ஊர் வெள்ளை ஒயினைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 'சுண்ணாம்புக்கல் ருசி', 'சிப்பி வாசம்' என்கிறார்கள். திராட்சைக் கொடியின் வேர் பாறையின் ருசியை உறிஞ்சிப் பழத்துக்குக் கொண்டுபோகிறதா? இல்லையென்றால் மண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, அப்படிக் கொண்டுபோவதில்லை. ஷாப்லி மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையான சிப்பிப் படிவங்கள் கிடக்கின்றன. அதனால்தான் இந்தக் கதை அவ்வளவு எளிதாக நம்பப்படுகிறது. ஆனால் வேர் எடுத்துக்கொள்வது தண்ணீரையும் அதில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளையும்தான். கல்லின் ருசி அந்த வழியாக ஏறி வராது.

மண்ணின் பெரிய வேலை தண்ணீரை அளந்து கொடுப்பது. பிரான்சிலேயே போர்தோவின் மெடோக் பகுதியில் ஆழமான சரளை மண். மழை பெய்தால் சட்டென்று வடிந்துவிடும். பழம் நிறம் மாறும் சமயத்தில் கொடிக்கு லேசான தாகம் இருந்தால் தளிர் விடுவது நிற்கும், பழம் சிறியதாகவே இருக்கும். சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருபவை. சரளை சீக்கிரம் சூடாகும் என்பதால் தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சை வகைக்கு அது பொருத்தம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொமெரோலில் களிமண் அதிகம், குளிர்ச்சியும் அதிகம். அங்கே முந்திப் பழுக்கும் மெர்லோதான் சரி. களிமண் நீரைத் தேக்கி வைத்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் விடும். அதனால் அங்கேயும் கொடி அளவோடுதான் குடிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அப்புறம் தட்பவெப்பம். பழுக்கும்போது திராட்சை, புளிப்பு தரும் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் செலவழிக்கிறது. வெயில் கூடினால் செலவும் வேகமாகும். ஷாப்லி குளிர்ந்த ஊர், வசந்தத்திலும் உறைபனி விழும். அதனால் அங்கே விளையும் ஷார்டனே திராட்சை கூரான புளிப்போடு நிற்கிறது. அதே ஷார்டனே வெப்பமான இடத்தில் கனிந்து, புளிப்பு தணிந்து கனமாகிவிடும். நீங்கள் கேள்விப்படும் 'சுண்ணாம்பு' ருசியில் பெரும்பங்கு இந்தப் புளிப்புக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சில இடங்களில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் நின்றுகொண்டே வேலை செய்யச் சிரமமான செங்குத்துச் சரிவுகள் உண்டு. தெற்கு பார்த்த சரிவு குளிர்நாட்டின் சாய்ந்த வெயிலை நேராக வாங்குகிறது. கருநிற சிலேட்டுக் கற்கள் பகலில் அந்தச் சூட்டைப் பிடித்து இரவில் கொடிக்குக் கொடுக்கின்றன. அவ்வளவு வடக்கே ரீஸ்லிங் திராட்சை முழுதாகப் பழுக்க அந்தச் சூடுதான் கைகொடுத்தது.