வாய்க்கால் அடைத்தால் எந்த ஒய்.பி.யிடம் போவது?

கேள்வி: ஐயா, மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) ஒன்றில் இருக்கிறோம். அப்பா ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்), அண்ணன் பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி). தீபாவளிக்குக்கூட இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 2022 தேர்தலுக்குப் பிறகு ம.இ.கா. இருந்த தேசிய முன்னணியும் பி.கே.ஆர். இருந்த பக்காத்தான் கூட்டணியும் சேர்ந்தே ஆட்சி அமைத்துவிட்டன. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் அடைத்து மாதக்கணக்காக நாறுகிறது. ஒரு சேவை மையத்துக்குப் போனால் அடுத்த ஒய்.பி.யை, அதாவது வேறொரு சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரைப் பார் என்கிறார்கள். எனக்கு எந்தக் கட்சியும் பிடிபடவில்லை, ஆனால் ஏதாவது செய்யவேண்டும் என்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பாட்டி ஓட்டுப் போடலாமா?

பதில்: கட்சியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், தம்பி. வாய்க்காலிலிருந்தே தொடங்கலாம். எந்த வேலை எந்த அரசாங்கத்துடையது என்று தெரியாதவரை கட்சிச் சண்டை வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

தமிழ்ப்பள்ளி, மருத்துவமனை, போலீஸ், குடியுரிமை எல்லாம் கூட்டரசின் (மத்திய அரசின்) கையில். நிலம் மாநில அரசின் கையில். கோயில் நிலத்துக்குக் கூட்டரசு அலுவலகங்கள் உள்ள புத்ராஜெயாவில் மனு கொடுத்துவிட்டு நில அலுவலகத்தை மறந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குப்பை, தாமான் வாய்க்கால், தெருவிளக்கு, சந்தை இவை ஊராட்சியின் வேலை. உங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம்.

உங்களை அலையவிட்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வாய்க்கால் மீது அதிகாரம் உள்ள கவுன்சிலரை நீங்களோ நானோ தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தோம். 1951-இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய ஊராட்சித் தேர்தல், 1965-இல் இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. இப்போது ஒரு கழகத்துக்கு 8 முதல் 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கிறது. ஆளும் கட்சிகள் அந்த இடங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் நாட்டு மக்களாட்சியில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு கிடையாது என்பேன். இதைப் பற்றிப் பேசத்தான் எந்தக் கட்சிக்கும் நேரம் இருப்பதில்லை.

சரி, கட்சிக்கு வருவோம். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 222 நாடாளுமன்ற இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. பக்காத்தானுக்கு 82, மூன்றாவது கூட்டணியான பெரிக்காத்தானுக்கு 74, தேசிய முன்னணிக்கு 30. பேரா சட்டமன்றத்திலும் அதே கதை. 59 இடங்களில் பெரிக்காத்தான் 26, பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9. பிந்திய இரண்டும் சேர்ந்தபோது 33 வந்தது, மந்திரி பெசார் (மாநில முதல்வர்) பதவி தேசிய முன்னணியின் அம்னோவுக்குப் போனது. உங்கள் தொகுதியையே பாருங்கள்: அந்தத் தேர்தலில் நாடாளுமன்ற இடம் பி.கே.ஆருக்கு, ஜாலோங் சட்டமன்றம் பக்காத்தானின் ஜ.செ.க.வுக்கு (ஜனநாயக செயல் கட்சி), லிந்தாங் அம்னோவுக்கு. மூன்று ஒய்.பி., மூன்று கட்சி. அப்புறம் ஏன் உங்களைப் பந்தாட மாட்டார்கள்?

கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டதே என்று அண்ணன் சொல்லக்கூடும். 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம், கட்சியைவிட்டுத் தானாக விலகும் நாடாளுமன்ற உறுப்பினரின் இடத்தைத்தான் பறிக்கும். ஒரு கட்சியே முழுதாக வேறு கூட்டணிக்குப் போனால் அது ஒன்றும் செய்யாது. 2009-இல் மூன்றே மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் பக்கம் மாறி பேரா ஆட்சி கவிழ்ந்ததை அப்பா மறந்திருக்க மாட்டார். தனி ஆளின் தாவலை அடைத்துவிட்டார்கள், கூட்டமாகத் தாவும் வழி திறந்தேதான் இருக்கிறது.

அப்பாவின் பிடிவாதத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ம.இ.கா. தலைவர்களான துன் சம்பந்தனும் அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை சாமிவேலுவும் நின்று ஜெயித்த தொகுதி அது. அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் என்று எதுவானாலும் தோட்டத்து மக்கள் ம.இ.கா. கிளைத் தலைவரிடம்தான் ஓடினார்கள். வேறு வாசல் இருப்பதாக யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. 2008-இல் பி.கே.ஆர். சின்னத்தில் நின்ற பி.எஸ்.எம். (மலேசிய சோசலிசக் கட்சி) கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் அந்தப் பிடியை உடைத்தார். அண்ணனின் அரசியல் அநேகமாக அந்த அலையில் பிறந்ததாக இருக்கும். இருவருமே தங்கள் காலத்தில் கண்ணால் கண்டதை வைத்துத்தான் பேசுகிறார்கள். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மற்ற இரண்டு இனங்களின் ஓட்டு பிரியும் இடத்தில்தான் நம் ஓட்டுக்கு எடை கூடும். அதனால்தான் எல்லாத் தரப்பும் தேர்தல் நேரத்தில் தோட்டத்துக்குள் வருகிறது.

இனி வேலை. முதலில் வாய்க்கால் யாருடையது என்று பாருங்கள். தாமானை மேம்பாட்டாளர் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாரா? இல்லையென்றால் 'எங்கள் பொறுப்பில்லை' என்று கழகம் கை கழுவிவிடும். கூட்டரசு சாலையை ஒட்டியது என்றால் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆர். பொறுப்பு. தண்ணீர் போய் அடைக்கும் இடம் தோட்ட எல்லைக்குள் இருந்தால் அது தனியார் நிலம், நிர்வாகத்துக்கும் சேர்த்து எழுதவேண்டும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாய்க்கால் என்றால் முதலாளியின் கடமை, புகார் தொழிலாளர் இலாகாவுக்கு.

நானும் கொஞ்ச காலம் கவுன்சிலராக இருந்தவன், வேறொரு ஊரில். 'எங்கள் பகுதி புறக்கணிக்கப்படுகிறது' என்று வரும் கடிதம் கோப்பில் தூங்கும். 'இன்ன ஜாலான், இன்ன எண் வீட்டுக்குப் பின்னால், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் இது, இன்ன தேதியில் எடுத்த படம்' என்று மலாயில் எழுதிய அரைப் பக்கம் மேற்பார்வையாளரின் கைக்குப் போகும். முகப்பில் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். வரிசையில் உள்ள மலாய்க்காரர், சீனர் வீடுகளிலும் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பீட்டு வரி எண்ணும் பக்கத்தில் இருந்தால் நல்லது, வரி கட்டுகிறவர் என்பது தெரியும். பெரிக்காத்தானுக்கு ஓட்டுப் போட்ட வீட்டிலும் அதே நாற்றம்தான் அடிக்கிறது, கையெழுத்துப் போடுவார்கள்.

இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் அந்தப் புகார் எண்ணோடு உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் போங்கள். அதற்கும் பிறகுதான் சட்டமன்ற உறுப்பினர். நாடாளுமன்ற உறுப்பினரை இதற்குத் தொந்தரவு செய்யாதீர்கள், பள்ளிக் கட்டடத்துக்கும் குடியுரிமைக்கும் அவர் தேவைப்படுவார். கழகத்தின் கூட்டம், தனித் தீர்மானம் போட்டு மூடினால் தவிர, பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு தடவை போய் உட்காருங்கள். எந்தக் கட்சிக் கவுன்சிலர் வாய் திறக்கிறார், யார் தேநீருக்கு மட்டும் வருகிறார் என்று தெரிந்துவிடும். உறுப்பினர் அட்டை வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஓட்டு விஷயம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும், மைகார்டில் (அடையாளக் கார்டில்) உள்ள முகவரிப்படி. சிக்கலும் அதில்தான். இடித்துத் தள்ளிய லயத்தின் முகவரியை இன்னும் கார்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். தொகுதி தவறாக இருந்தால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றுங்கள், அதன் பிறகு ஆணையத்திடம் விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவித்தபின் ஓடினால் நடக்காது.

பாட்டி ஓட்டுப் போட முடியாது. சிவப்புக் கார்டு நிரந்தரவாசிக்குரியது, ஓட்டு குடிமக்களுக்கு மட்டும். எத்தனை தேர்தலை இந்த மண்ணில் பார்த்திருந்தாலும் சரி. குடியுரிமைக்குத் தேசியப் பதிவிலாகாவில் மனுச் செய்யலாம், முடிவு உள்துறை அமைச்சின் கையில். அவர் எங்கே பிறந்தார், பிறப்புப் பத்திரம் உண்டா, தோட்டத்துச் சம்பளச் சீட்டோ பழைய பள்ளிப் பதிவோ ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள். மீதியை அடுத்த பதிலில் பார்ப்போம்.