கரண்ட் போனால் பேசாத பையன்

அன்புள்ள சார்,

என் அக்கா மகனுக்கு 14 வயது. ஒரு வயதிலேயே நடந்தான், ஆனால் பிறந்ததிலிருந்து காது மந்தம், மெஷின் போட்டிருக்கிறான். ஒரு வருடமாகச் சாயங்காலமானால் வாசல்படியில் தடுக்கி விழுகிறான். ராத்திரி கரண்ட் போய்விட்டால் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை, ஒரே பிடிவாதம். இப்போது கண் டாக்டர் ‘அஷர் சிண்ட்ரோம்’ என்கிறார், காதும் கண்ணும் சேர்ந்து கெடும் பரம்பரை நோயாம். அக்கா கட்டியது அத்தை மகனை. யார் வழியில் வந்த கோளாறு என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை. பையனிடம் சொல்லவில்லை. சொல்லலாமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் டாக்டர் இல்லை, படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிடிவாதம். மெஷின் இருந்தாலும் இவனைப் போன்ற பிள்ளைகள் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். கரண்ட் போனதும் உங்களுக்கு வெளிச்சம் மட்டும் போகிறது, அவனுக்குப் பேச்சும் சேர்ந்து போய்விடுகிறது. அதைத்தான் இத்தனை நாள் திமிர் என்று திட்டியிருக்கிறீர்கள்.

சண்டைக்கு வருகிறேன். அத்தை மகன் என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே தாத்தா பாட்டிதானே, அப்புறம் யார் வழி என்ன? இந்த நோய் வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு சேர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்குக் காதும் கண்ணும் நன்றாகவே இருக்கும், தெரியவே தெரியாது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 வாய்ப்பு. உறவில் கட்டாதவர்களுக்கும் வரும், உறவில் கட்டினால் அந்த இரண்டும் சந்திக்க வழி அதிகம். 1861இலேயே லீப்ரைக் என்ற கண் மருத்துவர் பெர்லினில் காது கேளாதவர்களின் கண்களைச் சோதித்தபோது இந்த நோயைக் கவனித்திருக்கிறார். அஷர் என்பவர் இது பரம்பரையாக வருவதை விளக்கி எழுதியது 1914இல்.

காதின் உட்புறமும் விழித்திரையும் சில புரதங்களைப் பொதுவாகப் பயன்படுத்துவதால்தான் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன. முதல் வகையில் பிறவியிலேயே காது அறவே கேட்காது, சமநிலையும் தவறும், நடக்க ஒன்றரை வயதுக்கு மேலாகும். உங்கள் பையன் இரண்டாம் வகையாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனை செய்தால் தெளிவாகும். அதில் பார்வை ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கும், பல வருடம் எடுக்கும். முருங்கைக்கீரை கொடுங்கள், நல்லதுதான், ஆனால் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் இல்லை இது. வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். தடுக்கி விழுவது அவன்தான், அவனுக்கு ஏற்கனவே ஏதோ தெரியும், பெயர்தான் தெரியாது. 18 வயதில் பைக் கேட்பான், அன்றைக்குச் சொல்வது கொடுமை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், அவன் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். காதும் கண்ணும் சேர்ந்த குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது, சான்றிதழ் பற்றி விசாரியுங்கள்.

பகல் வெளிச்சத்தில், எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். ராத்திரி பேச வேண்டியிருந்தால் டார்ச்சை உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டு பேசுங்கள், அவன் கண்ணில் அடிக்காதீர்கள்.