வாசகர் கேள்வி: ஆசிரியர் பணியில் எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: கல்லூரி இறுதியாண்டில் கணிதம் படிக்கிறேன். தேர்வு நேரத்தில் தோழிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன். நன்றாகப் புரிகிறது என்கிறார்கள். அதனால் ஆசிரியர் ஆக ஆசை. ஆனால், 'அரை நாள் வேலை, நிறைய விடுமுறை' என்று சிலரும், 'ஓய்வே இருக்காது' என்று அப்பணியில் இருக்கும் என் சித்தியும் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: உங்கள் சித்தி சொல்வதை நம்புங்கள். அரை நாள் வேலை என்பவர்கள், மாணவர்களாக இருந்தபோது கண்டதை வைத்துப் பேசுகிறார்கள். ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்று டான் லார்ட்டி என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் கணக்கிட்டார். வேறு எந்தத் தொழிலையும் நாம் இவ்வளவு நேரம் அருகிலிருந்து பார்ப்பதில்லை. எனினும் பாடக்குறிப்பு எழுதுவதும், வினாத்தாள் தயாரிப்பதும், கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவதும், பதிவேடுகளை நிரப்புவதும் மாணவர் கண்ணில் படுவதே இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2013இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 38 மணி நேரம் உழைப்பதாகவும், அதில் 19 மணி நேரம்தான் வகுப்பில் கற்பிப்பதாகவும் தெரியவந்தது. ஆக, நீங்கள் இதுவரை பார்த்திருப்பது இந்த வேலையின் பாதியைத்தான்.

தோழிகளுக்கு விளக்குவது நல்ல தொடக்கம். ஆனால் அவர்கள் தாமாகவே தேடி வந்தவர்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படி வருவதில்லை. அங்கே பாடம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அந்தப் பாடம் ஒரு குழந்தையின் மனத்தில் எங்கே, ஏன் தடம் மாறுகிறது என்பதும் தெரிய வேண்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். 'தவறு' என்று சுழித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால், ஒரு தேர்வில் 2 கேள்விகளில் 1, இன்னொன்றில் 3 கேள்விகளில் 1 சரியாக எழுதியவனுக்கு மொத்தம் ஐந்தில் இரண்டுதானே? அவன் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. அது வேறு கணக்கு என்பதை அவனே கண்டுகொள்ளும்படி செய்யும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இந்தப் பணிக்கு வரலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குப் பொறுமை வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் அமைகின்றன என்பதையும் கண்டறிந்தார். மூன்று நொடி மௌனம் புதிய ஆசிரியருக்கு எவ்வளவு நீண்டதாகத் தோன்றும் என்பதை முதல் வாரத்திலேயே உணர்வீர்கள்.

முதல் ஆண்டு கடினமாகத்தான் இருக்கும். எல்லாப் பாடங்களையும் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கும், குரல் கட்டிக்கொள்ளும், வீட்டுத் துயரங்களோடு வரும் பிள்ளைகளின் முகம் மாலையிலும் மனத்தை விட்டு அகலாது. சம்பளம் பெரும்பாலும் நிதானமாகவே உயரும். பதவி உயர்வு பல இடங்களில் உங்களை வகுப்பறையிலிருந்து அலுவலக அறைக்கு அழைத்துப் போய்விடும். நல்ல ஆசிரியர்கள் பலரை இப்படித்தான் வகுப்பறைகள் இழக்கின்றன என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கேள்வி: கல்வித்துறையில் இருக்க விருப்பம், ஆனால் மேடைக் கூச்சம் உண்டு. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பாடநூல் ஆக்கம், தேர்வு வடிவமைப்பு, பள்ளி நூலகம், ஒரு சமயத்தில் ஒரு குழந்தையோடு மட்டும் அமர்ந்து பணியாற்றும் சிறப்புக் கல்வி எனப் பல துறைகள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுத்தாலும், முடிவெடுக்கும் முன் அனுமதி பெற்று ஒரு வாரம் ஏதேனும் ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், கை தூக்காத பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் குறிப்பேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று அறியும் ஆவல் உங்களுக்கு வருகிறதா என்று கவனியுங்கள்.