சமாளிக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர்க் கலை மன்றத்துக்கு 6 வருடமாகத் தலைவராக இருக்கிறேன். இந்த ஆண்டு விழாவில் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து நின்று, 'வெளியூர்க்காரங்களுக்கு 2 மணி நேரம், உள்ளூர்க் கூத்துக்கு 20 நிமிஷமா? வசூல் கணக்கு எங்கே?' என்று சத்தம் போட்டார். ஊர் முழுக்க அதே பேச்சு. இப்படிப்பட்ட பொது விமர்சனங்களை ஒரு தலைவர் எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், செய்யாறு

பதில்: 'சமாளிப்பது' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்த வீட்டில் ஐந்து பேர் வந்து இறங்கினால் ரசத்தில் தண்ணீர் விட்டுச் சமாளிப்போம். மாதக் கடைசியைச் சமாளிப்போம். வாசலில் நிற்கும் கடன்காரரை, 'அப்பா ஊர்ல இல்லை' என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்துச் சமாளிப்போம். கொடுக்க வேண்டியது கையில் இல்லாதபோது செய்கிற காரியம் அது. உங்கள் கையில் கணக்கு நோட்டு இருக்கிறது, நிகழ்ச்சி நிரலை ஏன் அப்படிப் போட்டீர்கள் என்பதற்குக் காரணமும் இருக்கும். பிறகு எதற்குச் சமாளிக்க வேண்டும்?

அதுவும் செய்யாற்றிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தெருக்கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பிறந்து வளர்ந்த மண் அது. ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி முடித்து, கிரீடமும் புஜகட்டையுமாகச் சபைக்கு வந்தால், முதலில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்பவன் கட்டியக்காரன்தான். வந்தவாசிப் பக்கம் நான் பார்த்த ஒரு கூத்தில் துரியோதனன் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு, 'எதிரே வருவது பீமனா?' என்று முழங்கினார். கட்டியக்காரன் கையை நெற்றியில் வைத்து இருட்டுக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, 'மகாராஜா, பீமனா மாமனான்னு தெரியணும்னா தெருவிளக்கு எரியணும். அது ஆறு மாசமா எரியல' என்றார். ஜனம் சிரித்த சிரிப்பில் மத்தளக்காரர் தாளத்தை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் இருந்த ஊராட்சித் தலைவர் எழுந்து, 'நாளைக்குப் போட்டுடறோம்' என்றார். கட்டியக்காரன் சும்மா விடவில்லை. துரியோதனன் பக்கம் திரும்பி, 'கேட்டுக்கிட்டீரா மகாராஜா, சண்டை நாளைக்கு. போய்ப் படும்' என்றார். தலைவரும் சேர்ந்து சிரித்தார். இதை நான் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன், அந்தத் தலைவர் மீது எனக்கு அவ்வளவு மதிப்பு. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்றார், ஒரு வரியில் பதில் சொன்னார், 'யார் தூண்டிவிட்டது' என்று விசாரிக்கவில்லை. உங்கள் விழாவில் சத்தம் போட்டவருக்கு வேஷம் மட்டும்தான் இல்லை.

பெரிய சபைகளே இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் நிறைந்து, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக மட்டும் வருகிறதே என்று 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டிக் கேட்டார்கள். அதே வருட டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமி, மொழியை முன்னிட்டு இசையின் தரம் குறைந்துவிடக் கூடாது என்கிற பொருளில் தீர்மானம் போட்டது. தரத்தைக் குறையுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, இடம் கேட்டார்கள். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததற்குப் பதில் சொன்னால் அதுதான் சமாளிப்பு. கல்கி தம் பத்திரிகையில் விடாமல் எழுதினார், 1943இல் சென்னையிலேயே தமிழ் இசைச் சங்கம் தனியாக எழுந்தது. தமிழில் பாட்டு எழுதிக் குவித்த பாபநாசம் சிவனுக்கு அகாடமி தன் சங்கீத கலாநிதி விருதைக் கொடுத்தது 1971இல். 30 வருடம்! பாரிமுனையில் அந்தச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும்.

சரி, அந்த 20 நிமிடத்துக்கு வருகிறேன். இதில் நான் உங்களைக் கேள்வி கேட்டவர் கட்சி, மறைக்கவில்லை. பொன்னாடையோடு எனக்கு உள்ள சண்டை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு விழாவில் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன்: குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, படம் எடுக்கத் திரும்ப ஒருமுறை பொன்னாடை, எல்லாம் முடிய 1 மணி நேரம் 10 நிமிடம். அதுவரை கூத்துக்காரர்கள் முகத்தில் அரிதாரம் வியர்வையில் வழிய மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ஆடுகிற கலையை 20 நிமிடத்துக்கு நறுக்கினால் வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வருவதற்குள் மணி அடித்துவிடும். அப்புறம் கட்டியக்காரன் யாரைக் கேள்வி கேட்பது?

உங்கள் சாதியையோ குடும்பத்தையோ இழுத்துத் திட்டியிருந்தால் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். ஆனால் அவர் கேட்ட இரண்டும் நியாயமான கேள்விகள். வசூல் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி மன்றத்து வாசலில் ஒட்டுங்கள், உங்கள் கையெழுத்தோடு. பொருளாளரை முன்னால் தள்ளாதீர்கள். பிறகு கேள்வி கேட்டவர் வீட்டுக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். அடுத்த வருட நிகழ்ச்சிக் குழுவில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். வரமாட்டேன் என்றும் சொல்லலாம், சொல்லட்டும். கூத்துக்கு ஒரு முழு ராத்திரி ஒதுக்குங்கள், அரிதாரம் கலைக்கும் முன்பே பணத்தைக் கையில் கொடுங்கள். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், பாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.